வைத்தியம் இருந்தது, வழி இல்லை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, இஞ்சினியரான நான் பாலத்தைப் பற்றியோ பாய்லரைப் பற்றியோ எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எழுதப்போவது ஒரு டாக்டரம்மாவைப் பற்றி.

போன வருஷம் என் மனைவிக்குப் பிரசவம். வலி எப்போது ஆரம்பித்தது, குழந்தையின் அசைவு எப்படி என்று அந்த இளம் டாக்டர் கேட்டதெல்லாம் என்னிடம்தான். படுத்திருந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பெரிய மனுஷன் மாதிரி பதில் சொன்னேன். பாதி தப்பு என்று அவள் பிறகு சொல்லித்தான் தெரிந்தது. (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) அப்போது நினைவுக்கு வந்தவர் ஐடா ஸ்கடர்.

1870-இல் இராணிப்பேட்டையில், அமெரிக்க மிஷனரி டாக்டர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, உடல்நலமில்லாத தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்தார். இங்கே தங்கும் உத்தேசமே இல்லை. ஆனால் ஒரே இரவில் மூன்று பேர், பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லி, ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அப்பா டாக்டர், வீட்டிலேயே இருந்தார். ஆண் வைத்தியர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிவிட்டார்கள். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். வைத்தியம் இருந்தது, அது அவர்களிடம் போய்ச்சேர வழிதான் இல்லை.

ஐடா மருத்துவம் படித்தார். 1899-இல் கார்னெலில் பட்டம், 1900-இல் வேலூர், 1902-இல் 40 படுக்கை ஆஸ்பத்திரி. ஆனால் ஒரே டாக்டர் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்களால் முடியுமா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. 1922-இல் முதல் அணியாக 14 பேர் தேறி வெளியே வந்தார்கள். பெண்களுக்காக எழுந்த அந்த நிறுவனத்தில் 1947-இல் ஆண்களுக்கும் இடம் கிடைத்தது. அதுதான் இன்றைய சி.எம்.சி. 1960-இல் ஐடா மறைந்தார்.

அன்று டாக்டரால் அந்தப் பெண்களை நெருங்க முடியவில்லை. என் மனைவியிடம் நெருங்கி நின்ற டாக்டரோ அவளைக் கேட்கவில்லை. பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் போதாது. பிரசவிப்பவளைக் கேட்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். கணவன்மார்களுக்கும் இதில் பாடம் உண்டு.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளே! நீங்கள் எதைச் செய்தாலும், அது யாரிடம் போய்ச்சேரவில்லை என்று ஒரு தடவை பாருங்கள்.

சென்ற மாதம் பாப்பாவுக்குத் தடுப்பூசி. டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார். நான் பேசாமல் மனைவியைக் கை காட்டினேன்.