முழந்தாளில் நின்ற அருளானந்தர்

திருப்பலியில் நற்செய்திக்கு எழுந்து நிற்கிறோம். மறையுரைக்கு அமர்கிறோம். அப்பமும் இரசமும் வசீகரம் செய்யப்படும்போது முழந்தாளிடுகிறோம். பழக்கத்தால் உடல் இவற்றைச் செய்துவிடுகிறது. மனமோ வேறெங்கோ அலைகிறது. உண்மையில் நம் உடலும் செபிக்கிறதா? ஓரியூர் மண்ணில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரின் வாழ்வு இக்கேள்விக்கு நல்ல விடை தருகிறது.

1647 மார்ச் 1-இல் லிஸ்பனில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசரின் தோழராக வளர்ந்தவர். அரசர் முன் பணிந்து நிற்கப் பழகிய அச்சிறுவன், 1662-இல் அரண்மனையை விட்டு இயேசு சபையில் சேர்ந்தார். 1673-இல் கோவா வந்து, மறு ஆண்டே மதுரை மறைப்பணித் தளத்தை அடைந்தார்.

இங்கே அவர் காவி உடுத்திய பண்டாரசுவாமியானார். புலால் உணவை விட்டார். நாற்காலியில் அமர்ந்து பழகியவர் தரையில் அமர்ந்தார். குருவின் காலடியில் அமர்ந்து கற்பது நம் நாட்டு வழக்கம். பெத்தானியா மரியாவும் ஆண்டவரின் காலடியில் அமர்ந்துதான் அவருக்குச் செவிமடுத்தார். தாழ அமர்கிறவருக்கே கேட்கும் மனம் வாய்க்கிறது.

1686-இல் அவர் கைதானார். அடித்தார்கள், விலங்கிட்டார்கள். கட்டுண்ட உடலால் முழந்தாளிட முடியாது. ஆனால் செபம் நிற்கவில்லை. விடுதலையாகி, சபைப் பணிக்காகப் போர்த்துக்கல் சென்றவரை அங்கேயே வைத்துக்கொள்ளப் பலர் விரும்பினர். அவரோ மறவர் நாட்டுக்கே திரும்பினார்.

தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியோடு மட்டும் வாழத் தீர்மானித்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவினர். இதனால் 1693 சனவரியில் அருளானந்தர் மீண்டும் கைதானார். இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு அனுப்பப்பட்டார்.

1693 பிப்ரவரி 4. அன்று திருநீற்றுப் புதன். பாம்பாற்றின் அருகே உள்ள மேட்டில் அவர் முழந்தாளிட்டு நெடுநேரம் செபித்தார். பின் எழுந்து, தம்மைக் கொல்ல நின்றவரைத் தழுவிக்கொண்டார். மீண்டும் முழந்தாளிட்டார். செபித்த அதே நிலையில் உயிரையும் கையளித்தார். 1947-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

கெத்சமனியில் முழந்தாளிட்ட ஆண்டவரும் அந்தச் செபத்திலிருந்து எழுந்துதான் தம்மைப் பிடிக்க வந்தவர்களை எதிர்கொண்டார். முழந்தாளிட்ட இருவருமே வெறுப்பின்றி எழுந்தார்கள். நம் முழந்தாள் செபத்தையும் இதைக்கொண்டே அளந்து பார்க்கலாம். எழுந்தபின் யாரைத் தழுவ நம்மால் முடிகிறது?

மூட்டுவலியால் முழந்தாளிட இயலாத பெரியோர் நம் பங்குகளில் பலர் உண்டு. அவர்கள் வருந்த வேண்டாம். விலங்கிடப்பட்ட அருளானந்தரின் செபத்தைக் கேட்டவர், நாற்காலியில் அமர்ந்து தலைவணங்குவோரின் செபத்தையும் கேட்கிறார். இயன்றவர்களாகிய நாமோ, இன்றிரவு குடும்பச் செபத்தில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு முழந்தாளிடுவோம். பேசும் முன் சற்றே மௌனமாகக் காத்திருப்போம். பின்பு எழுந்து, வீட்டில் நாம் பேசாதிருக்கும் ஒருவரிடம் முதலில் பேசுவோம்.