மூச்சைக் கேட்கப் பழகியவர்: போருக்குள் படித்த வைத்தியர் லெனெக்

மாதத்துக்கு ஒருமுறை அப்பாவை நெஞ்சு நோய்க் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வது என் பொறுப்பு. 2009 இல் பட்ட எறிகணைத் துண்டு ஒன்று இன்னும் அவரது வலது நுரையீரலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடுக்கப் போனால் ஆபத்து என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். மழைக்காலம் வந்தால் அவருக்கு இழுக்கும்.

சென்ற முறை சித்தியின் மகளும் எங்களோடு வந்தாள். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி மூச்சை விடுவது எப்படி என்று அங்கே ஓர் இயன்மருத்துவர் அப்பாவுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். அதை அவள் கண்வெட்டாமல் பார்த்தாள். வெளியே வந்ததும், இந்த வேலையைத்தான் தான் படிக்க விரும்புவதாகச் சொன்னாள். பிறகு உடனேயே, இனி எங்கே படிப்பது என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுக்கு வயது 27. இறுதிப் போரில் தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டார். முகாமிலிருந்து வெளியே வந்து, உயர்தரம் எழுதி, தம்பியைப் படிப்பிப்பதற்காக ஐந்து வருடம் ஆடைத் தொழிற்சாலையில் நின்றாள். வேறு நாடுகளில் சுவாசச் சிகிச்சை என்பது தனித் தொழில். இங்கே அந்த வேலையை இயன்மருத்துவர்களும் தாதியரும்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். எந்த வழியால் போனாலும் இன்னும் சில வருடப் படிப்பு, அதன்பின் நியமனம், அதன்பின் பதவி உயர்வு. அவள் விரலை மடித்து எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

திரும்பி வரும் வழியில், பஸ்ஸுக்குள் அவளுக்கு ஒருவருடைய வாழ்க்கையைச் சொன்னேன். வைத்தியர்கள் எல்லோர் கழுத்திலும் தொங்கும் ஸ்ரெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த ரெனே லெனெக் என்ற பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கை அது. கருவியைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முந்திய அவரது முப்பத்தைந்து வருடங்களைப் பற்றி எமது பக்கத்தில் அதிகம் பேசப்படுவதில்லை.

லெனெக் 1781 பெப்ரவரி 17 இல் பிரான்ஸின் மேற்குக் கரையில், பிரெத்தாஞ் பகுதியிலுள்ள கெம்பேர் என்ற ஊரில் பிறந்தார். அப்பகுதி மக்களுக்குப் பிரெஞ்சிலிருந்து முற்றிலும் வேறான சொந்த மொழி ஒன்று உண்டு. அதற்குப் பிரெத்தோன் என்று பெயர். லெனெக்குக்கு ஐந்து வயதானபோது தாய் இறந்தார். தகப்பன் ஒரு சட்டத்தரணி. கவிதை எழுதுவதிலும் கைக்கு மிஞ்சிச் செலவு செய்வதிலும் நாட்டமுள்ளவர். பிள்ளைகளை வளர்க்க அவரால் முடியவில்லை. உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்த லெனெக், ஏழு வயதில் தம்பியோடு நாந்த் நகரிலிருந்த சித்தப்பா கியோமின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். கியோம் ஒரு வைத்தியர். தகப்பன் செய்யாததை இந்தச் சித்தப்பாதான் செய்தார்.

அவர்கள் வந்த மறுவருடமே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793 இல் புரட்சி அரசுக்கு எதிரான கிளர்ச்சிப் படை நாந்த் நகரைத் தாக்கியது. அந்தக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கைதிகளைப் படகுகளில் ஏற்றி லுவார் ஆற்றில் மூழ்கடித்தார்கள். சித்தப்பாவின் வீடு பூஃபே சதுக்கத்தைப் பார்த்தபடி இருந்தது. தலை வெட்டும் இயந்திரத்தை நிறுத்தியிருந்ததும் அதே சதுக்கத்தில்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை யன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும். சித்தப்பாவையும் சிறிது காலம் சிறையில் போட்டார்கள்.

நாட்டின் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டிருந்தன. ஆனால் ஆஸ்பத்திரிகளில் காயக்காரர் நிரம்பி வழிந்தார்கள். அதனால் 1795 இல், பதினான்கு வயதில், லெனெக் நாந்த் வைத்தியசாலையில் சித்தப்பாவின் மேற்பார்வையில் வேலை பழகத் தொடங்கினார். கட்டுக் கட்டுவது, காய்ச்சல்காரரைப் பார்ப்பது, இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்ப்பது என்று அவர் படிப்பு ஆரம்பித்தது. எமது வன்னி வைத்தியசாலைகளில் இறுதி மாதங்களில் கட்டுத்துணி கிழித்துக் கொடுத்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். சித்தியின் மகளும் அப்படிக் கிழித்தவள்தான்.

மகன் வைத்தியராவது தகப்பனுக்குப் பிடிக்கவில்லை. பணம் அனுப்புவதாகச் சொல்வார், அனுப்பமாட்டார். உடுப்புக்கும் புத்தகத்துக்கும் காசு கேட்டு லெனெக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். பரிஸுக்குப் போய் முறையாகப் படிக்க வேண்டும் என்ற ஆசை வருடக்கணக்கில் இழுபட்டது. இடையில் இராணுவத்தோடு சேர்ந்து சொந்த மாகாணத்திலேயே மருத்துவப் பணியும் செய்ய வேண்டி வந்தது. இந்தக் காலத்தில் அவர் கிரேக்கம் படித்தார், புல்லாங்குழல் பழகினார். இரண்டும் பிறகு கைகொடுத்தன. கிரேக்கம் அவரது ஆய்வேட்டுக்கும், தான் கண்டுபிடித்த கருவிக்குப் பெயர் வைக்கவும் உதவியது. மரக்குழாய்க்குள் ஓசை எப்படி ஓடும் என்பது புல்லாங்குழல் ஊதியவருக்குப் புதிய விடயமாக இருந்திருக்காது.

1801 இல், இருபது வயதில், ஒருவழியாகப் பரிஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே ஷாரித்தே வைத்தியசாலையில் கோர்விசாரிடம் படித்தார். கோர்விசார் நெப்போலியனின் வைத்தியர். நோயாளியின் நெஞ்சில் விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளே நீர் கட்டியிருக்கிறதா என்று பார்க்கும் முறையை மாணவர்களுக்குப் பழக்கியவர் அவர். அந்த முறையை 1761 இல் எழுதி வைத்தவர் அவுன்புருக்கர் என்ற ஒஸ்திரிய வைத்தியர். நாற்பது வருடங்களாக அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

படிப்பில் லெனெக்கை விஞ்ச ஆளில்லை. 1803 இல் மருத்துவத்துக்கும் சத்திர சிகிச்சைக்கும் முதற்பரிசுகள் இரண்டையும் அவரே பெற்றார். மறுவருடம் பட்டம் பெற்றார். ஈரல் சுருங்கிக் கெட்டியாகும் நோய்க்கு இன்று உலகம் முழுவதும் வழங்கும் சிரோசிஸ் என்ற பெயரும் பின்னாளில் அவர் வைத்ததுதான்.

இவ்வளவு திறமை இருந்தும் பரிஸின் எந்த வைத்தியசாலையும் அவருக்கு நிரந்தர இடம் கொடுக்கவில்லை. ஒரு வருடமல்ல, இரண்டு வருடமல்ல, பட்டம் பெற்ற பிறகு பன்னிரண்டு வருடங்கள் இப்படியே போயின. நெப்போலியன் காலத்தில் பக்தியுள்ள கத்தோலிக்கராகவும் மன்னராட்சி ஆதரவாளராகவும் இருந்தது அவருக்கு உதவவில்லை. தனியாக நோயாளிகளைப் பார்த்தார், மாணவர்களுக்குத் தனிப்பட்ட வகுப்பு எடுத்தார், மருத்துவ இதழில் எழுதினார். மிச்ச நேரமெல்லாம் பிரேத அறையில் இருந்தார். நோயால் இறந்தவரின் நுரையீரலும் இருதயமும் எப்படி மாறிப்போயிருக்கும் என்பதை, உத்தியோகம் இல்லாத அந்த வருடங்களில்தான் அவர் கைகளால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

அந்த வருடங்களில் வேறொன்றும் நடந்தது. தன்னோடு ஒன்றாக வளர்ந்த தம்பி மிஷோ 1810 இல் காசநோயால் இறந்தார். காசநோயை ஆராய்ந்த நெருங்கிய நண்பர் பேய்லும் 1816 இல் அதே நோயால் போனார். யாருக்காகப் படித்தாரோ அவர்களைக் காப்பாற்ற அந்தப் படிப்பு போதவில்லை.

1814 இல் நடந்தது எம்மவர்களுக்கு மிக நெருக்கமானது. நெப்போலியனின் போர் தோல்வியில் முடிந்துகொண்டிருந்தது. காயப்பட்டும் காய்ச்சலோடும் வந்த படையினரால் பரிஸ் வைத்தியசாலைகள் நிறைந்தன. அவர்களில் பிரெத்தோன் இளைஞர்கள் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது. எங்கே நோகிறது என்று சொல்லத் தெரியாமல் படுத்திருந்தார்கள். லெனெக் அதிகாரிகளிடம் பேசி, சால்பெத்திரியேர் வைத்தியசாலையில் அவர்களுக்கென்று தனி விடுதிகளை ஒதுக்குவித்தார். பெரியவனான பிறகு தான் முயன்று கற்ற பிரெத்தோன் மொழியில் அவர்களோடு பேசினார். மொழி தெரியாத ஆஸ்பத்திரியில் நோயைச் சைகையால் காட்டிய அனுபவம் எமது தாய்மாரில் எத்தனை பேருக்கு உண்டு என்பதை நான் எழுதத் தேவையில்லை.

மன்னராட்சி திரும்பியபின், உள்துறை அமைச்சிலிருந்த நண்பர் ஒருவரின் முயற்சியால், 1816 இல் நெக்கர் வைத்தியசாலையில் இடம் கிடைத்தது. அப்போது வயது 35. நெக்கர் இன்று பெரிய சிறுவர் வைத்தியசாலை, பரிஸில் வாழும் எம்மவர் பலருக்குத் தெரிந்த பெயர். அன்று அது நகரின் ஒதுக்கமான பகுதியிலிருந்த சிறிய ஆஸ்பத்திரி. அவர் எதிர்பார்த்த பதவி அதுவல்ல. ஆனாலும் ஏற்றுக்கொண்டார்.

அந்த வருடமே, இருதய நோயுள்ள இளம்பெண் ஒருவர் அவரிடம் வந்தார். உடல் பருமனாக இருந்ததால் தட்டிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சில் காதை வைத்துக் கேட்பது ஓர் இளம்பெண்ணிடம் முறையாக இராது. நீளமான மரத்தின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால் மறுமுனையில் காது வைப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும் என்பது அவர் நினைவுக்கு வந்தது. ஒரு கற்றைத் தாளை இறுகச் சுருட்டி, ஒரு முனையை நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். நேரே காதை வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாக இருதயம் கேட்டது. பிறகு தானே கடைசல் இயந்திரத்தில் மரத்தைக் கடைந்து, ஏறத்தாழ ஓர் அடி நீளத்தில், நடுவே துளையுள்ள குழாயாகச் செய்துகொண்டார். முதலில் அதை உருளை என்றே சொன்னார். பிறகு நெஞ்சு, பார்த்தல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஸ்ரெதஸ்கோப் என்றார்.

தாளைச் சுருட்ட ஒரு நிமிடம் போதும். கேட்கும் ஓசைக்குப் பொருள் கண்டுபிடிக்க மூன்று வருடம் எடுத்தது. ஒவ்வொரு நோயாளியின் நெஞ்சிலும் கேட்டதைக் குறித்து வைத்தார். அவர் இறந்தால் உடலைத் திறந்து, உள்ளே என்ன இருந்தது என்று பார்த்து இரண்டையும் பொருத்தினார். நியூமோனியாவின் தொடக்கத்தில் கேட்கும் ஓசை, சூடான சட்டியில் உப்பு வெடிப்பது போலிருந்தது. நெஞ்சில் நீர் கட்டியவரின் குரல் ஆடு கத்துவது போல் நடுங்கியது. காசநோயால் நுரையீரலில் குழி விழுந்தவர் பேசினால், குரல் நெஞ்சிலிருந்தே குழாய் வழியாக நேரே வந்தது. இறந்தபின் மட்டும் தெரிந்துவந்த நோய்கள் உயிரோடு இருப்பவரிடம் தெரியத் தொடங்கின. பன்னிரண்டு வருடம் பிரேத அறையில் கழித்திராத ஒருவருக்கு இது முடிந்திராது. அந்த அறிவுக்கு உடலைக் கொடுத்தவர்கள் ஆஸ்பத்திரியில் இறந்த ஏழைகள். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

1819 இல் இரண்டு பாகங்களாக அவரது நூல் வெளிவந்தது. சிறு தொகை கூடக் கொடுத்தால் நூலோடு மரக்குழாயும் கிடைத்தது. அந்த வேலை அவர் உடலை முறித்துவிட்டது. பரிஸை விட்டு, பிரெத்தாஞ் கடற்கரையோரம் இருந்த குடும்பக் காணிக்குப் போய் இரண்டு வருடம் விவசாயம் பார்த்தார். 1821 இல் திரும்பினார். மறுவருடம் கொலேஜ் து பிரான்ஸில் பேராசிரியரானார். 1823 இல் மருத்துவ பீடத்தில் பேராசிரியர் பதவியும் வந்தது.

இந்தக் கடைசிப் பதவி வந்த விதத்தை மறைக்கக் கூடாது. மாணவர் குழப்பத்தைக் காரணம் காட்டி அரசு பரிஸ் மருத்துவ பீடத்தை மூடி, தனக்கு ஒத்துவராத மூத்த பேராசிரியர்கள் பலரை நீக்கிவிட்டுத் திரும்பத் திறந்தது. அந்த மறுசீரமைப்பில் லெனெக்குக்கும் பங்கு இருந்தது. தன் அரசியலுக்காக நீண்ட காலம் ஒதுக்கப்பட்டவர், மற்றவர்கள் அதே காரணத்துக்காக ஒதுக்கப்பட்டபோது அதனால் பயனடைந்தார். சித்தியின் மகள் இந்த இடத்தில் முகத்தைச் சுழித்தாள். பதவி உயர்வைப் பற்றிப் பேசும்போது இதையும் அவள் தெரிந்திருக்க வேண்டும் என்றே சொன்னேன்.

ஷாரித்தேயில் அவரது விடுதிக்கு ஐரோப்பா எங்குமிருந்து மாணவர்கள் வந்தார்கள். பிரெஞ்சு தெரியாதவர்களுக்காக லத்தீனில் விளக்கினார். காசநோய்க்கு அப்போது மருந்தில்லை. ஊர்க் கடற்காற்று நல்லது என்று நம்பி, பிரெத்தாஞ்சிலிருந்து கடற்பாசி வரவழைத்து நோயாளிகளின் விடுதியில் போட்டுப் பார்த்தார். அது யாரையும் குணப்படுத்தவில்லை. அந்த நோயின் கிருமியே 1882 இல்தான் கண்டறியப்பட்டது.

1826 இல் நூலின் இரண்டாம் பதிப்பை முடிக்கும்போது அவருக்கே இருமலும் காய்ச்சலும் விடாமல் இருந்தன. உறவினரான இளம் வைத்தியர் மெரியாதெக்கை அழைத்துத் தன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்கச் சொன்னார். கேட்ட ஓசைகளை மெரியாதெக் விவரித்தார். அவற்றுக்குப் பொருள் எழுதியவர் லெனெக்தான். மேற்கொண்டு யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கடற்கரை வீட்டுக்குத் திரும்பிப் போய், 1826 ஓகஸ்ட் 13 இல், 45 வயதில் இறந்தார். ஸ்ரெதஸ்கோப்பை மெரியாதெக்குக்கு உயில் எழுதி வைத்திருந்தார். தான் கொடுப்பவற்றில் அதுவே மிகச் சிறந்தது என்று அவர் கருதினார்.

பஸ் கிளிநொச்சியில் நின்றபோது அப்பா நித்திரையாகிவிட்டார். சித்தியின் மகள், லெனெக்குக்கு 35 வயதில்தான் வேலை கிடைத்ததா என்று திரும்பவும் கேட்டாள். ஓம் என்றேன். ஆனால் அவருக்கு ஒரு சித்தப்பா இருந்தாரே என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவள் பெரியப்பாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தொழிற்சாலைச் சம்பளத்தில் மருந்து வாங்கிக் கொடுத்த மாதங்கள் உண்டு.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்து, விண்ணப்பப் படிவத்தை அச்செடுத்துத் தரச் சொன்னாள். வயதெல்லைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. உயர்தரத்துக்குப் பிந்திய ஐந்து வருடங்களைப் பற்றி என்ன எழுதுவது என்று கேட்டாள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்ததை அப்படியே எழுதச் சொன்னேன். எழுதினாள். தொழிற்சாலையில் லீவு கிடைத்தால், அடுத்த மாதக் கிளினிக்குக்கு அப்பாவை அவளே கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.