33 வயதில் இலத்தீன் பாடம்

1521-ல் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு புனித இஞ்ஞாசியாரின் காலை முறித்த வரலாறு நாமறிந்ததே. அவர் பள்ளிக்குச் சென்ற வரலாற்றை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆன்மாக்களுக்கு உதவக் கல்வி வேண்டுமென்று உணர்ந்து, 1524-ல், ஏறத்தாழ 33 வயதில், பார்சலோனா நகரில் இலத்தீன் இலக்கணம் படிக்கத் தொடங்கினார்.

மனப்பாடம் செய்ய அமர்ந்தால் போதும், பக்தி எண்ணங்கள் பொங்கி வரும், பாடம் ஏறாது. செபவேளையில்கூட வராத எண்ணங்கள் பாடவேளையில் மட்டும் வருவானேன்? இது சோதனையே எனக் கண்டுகொண்டார். உடனே ஆசிரியரிடம் சென்று, உண்ண அப்பமும் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும்வரை இரண்டாண்டுகள் பாடம் தவறுவதில்லையென வாக்களித்தார். முன்னாள் போர்வீரரல்லவா!

பின்னர் அல்கலாவிலும் சலமான்காவிலும் அவசரமாய்ப் படித்தது நிலைக்கவில்லை. விசாரணையும் சிறையுமே மிஞ்சின. 1528-ல் பாரிஸ் சேர்ந்ததும், மறுபடியும் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன்! செலவுக்குப் பிளாண்டர்ஸ் நாட்டு வணிகர்களிடம் யாசித்தார். வயதில் மிக இளையவரான அறைத்தோழர் பேதுரு பேபர் அவருக்கு அரிஸ்டாட்டிலைக் கற்பித்தார். மற்றோர் அறைத்தோழரே 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார். 1535-ல், நாற்பது வயதைக் கடந்த பின், முதுகலைப் பட்டச் சான்றிதழ் இஞ்ஞாசியார் கைக்கு வந்தது.