நோயாளியின் அருகே நின்று கற்றவர்

மருத்துவராக வேண்டும் என்ற ஆசை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதியதன்று. பிற்காலத்தில் என்னவாகப் போகிறாய் என்று பள்ளியில் ஆசிரியர் கேட்டால், பாதிக் கைகள் அதற்கே உயரும். 2013-இல் திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியபின் அந்த ஆசை இன்னும் வளர்ந்தது. விலங்கியல் பயிலும் எங்கள் வகுப்பில் நீட் தேர்வை ஒருமுறை எழுதி விட்டுவிட்டவர்கள் பலர். இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் சிலர். நான் இரண்டாம் வகை. அத்தேர்வு இயற்பியலையும் வேதியியலையும் உயிரியலையும் கேட்கிறது. நோயாளியின் அருகே ஒரு நாளேனும் இருந்ததுண்டா என்று மட்டும் கேட்பதில்லை. அப்படி இருந்து பார்ப்பதால் என்ன பயன் என்று எண்ணியபோது என் நினைவில் நின்றவர் வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

1989 வரை நம் ஊர், வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்றும் பெரிய நோய் என்றால் போளூர் வழியாக வேலூருக்குப் பேருந்து ஏறும் குடும்பங்கள் இங்கு ஏராளம். அந்தப் பயணத்திற்கு வழி வகுத்தவரின் வாழ்வை நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?

ஐடா 1870 டிசம்பர் 9-ஆம் நாள் ராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை மருத்துவர். பாட்டனார் ஜான் ஸ்கடரும் மருத்துவரே. 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கை வந்து, பின்னர் தமிழகத்திலும் பணிபுரிந்தவர். இத்தகைய குடும்பத்தில் பிறந்த பெண் மருத்துவராவது இயல்புதானே என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சத்தின்போது, பசியால் துவண்ட குழந்தைகளுக்கு உணவு கொடுக்கும் வேலையில் சிறுமி ஐடாவும் ஈடுபட்டார். அந்தக் காட்சிகள் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. பின்னர் அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை மேற்கொண்டபோது, இந்தியாவில் இத்தகைய பணிக்கு வருவதில்லை என்பதே அவர் எண்ணமாக இருந்தது.

1890-இல் தாயார் நோயுற்றார். அப்போது பெற்றோர் இருந்த ஊர், செஞ்சிக்கு அப்பால் நாம் நன்கறிந்த திண்டிவனம். தாய்க்குத் துணையாகச் சிலகாலம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றே ஐடா வந்தார். ஓர் இரவு ஒரு பிராமண இளைஞர் வந்து, பிரசவ வேதனையில் தவிக்கும் தம் மனைவியைக் காப்பாற்ற வரும்படி அழைத்தார். தம் தந்தைதான் மருத்துவர் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் மனைவியைப் பார்க்க வழக்கம் இடந்தராது என்று கூறி அவர் சென்றுவிட்டார். அதே இரவில் ஓர் இஸ்லாமியரும், அவருக்குப் பின் மற்றொரு இந்துவும் அதே வேண்டுகோளோடு வந்து, அதே காரணத்தால் திரும்பினர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தனர். மருத்துவம் படிப்பது என்று ஐடா முடிவு செய்தது அப்போதுதான்.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். பஞ்சத்தில் கண்டது அவரை விலகச் செய்தது. திண்டிவனத்தில் கண்டது அவரைப் படிப்பின்பால் செலுத்தியது. துன்பத்தை நேரில் காண்பது எல்லோரையும் உடனே மருத்துவராக்கிவிடாது. ஆனால் கண்டபின் எடுக்கும் முடிவுக்கு ஓர் உறுதி உண்டு. 1895-இல் பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பின் நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899-இல் அவர் பட்டம் பெற்றார். தாம் யாருக்காகப் படிக்கிறோம் என்பது அத்தனை ஆண்டுகளும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

1900-இல் வேலூர் வந்தார். தந்தையின் அருகிலிருந்து தொழில் பழகலாம் என்ற நம்பிக்கை நிலைக்கவில்லை. அவ்வாண்டே தந்தை மறைந்தார். வீட்டிலேயே ஒரு கட்டிலுடன் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய ஐடாவுக்கு நோயாளிகளே ஆசான்கள் ஆயினர். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். மருத்துவமனைக்கு வர இயலாத கிராம மக்களைத் தேடிச் சென்று, சாலையோர மரநிழலில் மருந்து கொடுத்தார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1922-இல் முதல் அணியில் 14 பெண்கள் தேறி வெளிவந்தனர். அப்பள்ளி 1942-இல் எம்.பி.பி.எஸ். கற்பிக்கும் கல்லூரியாக உயர்ந்தது. 1947 முதல் ஆண்களும் சேர்ந்தனர். அம்மையார் 1960 மே மாதம் கொடைக்கானலில் மறைந்தார்.

இன்று அமெரிக்காவில், மருத்துவருக்குத் துணைநிற்கும் மருத்துவ உதவியாளர் படிப்பில் சேர விரும்புவோரிடம், நூற்றுக்கணக்கான மணிநேரம் நோயாளிகளோடு பணிபுரிந்த அனுபவத்தைப் பல கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. ஆயிரம் மணிநேரத்துக்கு மேல் கேட்பனவும் உண்டு. நம் நாட்டில் அப்படிக் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதற்காக வழியில்லை என்றாகுமா?

சென்ற ஆண்டு என் பாட்டியுடன் ஒரு மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்தேன். புண்ணின் வாடை, இரவின் முனகல், வரிசையில் நிற்கும் அலுப்பு எல்லாம் பழகின. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு வெந்நீர் வாங்கிக் கொடுத்தபோது, இந்த வேலை எனக்கு ஒத்துவரும் என்று தோன்றியது. எந்த மாதிரித் தேர்வும் எனக்கு அதைச் சொன்னதில்லை. நீட் கைகூடாவிட்டால் செவிலியர் படிப்பேனும் ஆய்வக நுட்பமேனும் பயில்வேன் என்று துணிந்ததும் அங்கேதான்.

தோழர்களே! கார்த்திகைத் தீபத்தன்று கிரிவலப் பாதையில் மருத்துவ முகாம்கள் நடக்கின்றன. நம் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரத்ததான முகாம்கள் உண்டு. ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் நம் வேலையல்ல. சீட்டு எழுதலாம், முதியவரைக் கைபிடித்து அழைத்துச் செல்லலாம், அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கலாம். விண்ணப்பத்தை நிரப்புமுன் இவற்றைச் செய்து பாருங்கள். மனம் விலகினால், வேறு துறைகள் நமக்காகக் காத்திருக்கின்றன. மனம் ஒன்றினால், எத்தனை முறை தேர்வெழுதினாலும் அந்த உழைப்பு நமக்குப் பாரமாக இராது.