புதுக்கோட்டைத் திவான் சேஷய்ய சாஸ்திரியார்

திருச்சி, தஞ்சை, மதுரை ஜில்லாக்களால் சூழப்பட்டு, ஏறக்குறைய 1,179 சதுர மைல் பரப்பிற் கிடந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை நேயர்கள் அறிவார்கள். கர்நாடகப் போர்களிற் கும்பினியாருக்குத் தொண்டைமான்கள் துணைநின்றமையால், கப்பம் கட்டாத பெருமை அதற்கு இருந்தது. ஆயினும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அப்பெருமையைத் தவிர வேறு செல்வம் அங்கு மிகுதியாய் இருந்ததெனச் சொல்லுதற்கில்லை. இராமச்சந்திர தொண்டைமான் காலத்திற் கடன் பெருகிற்று. 1859-இல் ஆங்கில அரசினர் அரசருடைய பட்டப்பெயரையே பறித்தனர். இந்நிலையில் அச்சமஸ்தானத்திற்குத் திவானாய் வந்தவரே அமராவதி சேஷய்ய சாஸ்திரியார்.

இவர் தஞ்சை ஜில்லாவைச் சார்ந்த அமராவதி என்னும் சிற்றூரில் 1828-இல் பிறந்தார். சென்னை உயர்தரப் பள்ளியிற் பவுவெல் துரையிடம் கல்வி கற்றார். பின்னாளில் திருவாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய சமஸ்தானங்களில் திவானாய் விளங்கிய மாதவராயரும் அவ்வாசிரியரின் மாணாக்கரே. சர்க்கார் உத்தியோகத்திற் படிப்படியாய் உயர்ந்து, மசூலிப்பட்டணத்திலும் தஞ்சையிலும் பணிபுரிந்தார். 1872-இல் மாதவராயர் விட்டுச்சென்ற திருவாங்கூர்த் திவான் பதவியை ஏற்று, 1877 வரை அங்கிருந்தார்.

1878-இற் புதுக்கோட்டைக்கு வந்தார். பெரிய சமஸ்தானத்தை ஆண்ட கைக்கு இது சிறு வேலையென்று பலர் எண்ணியிருத்தல் கூடும். அற்றன்று; இங்கேதான் அவருடைய திறமை முழுதும் வெளிப்பட்டது. அதுகாறும் சர்க்கேல் எனப்பட்ட மந்திரி பதவி அவர் காலத்தில் திவான் என்னும் பெயர் பெற்றது.

அவர் முதலிற் கைவைத்தது அமானி முறையில். அம்முறையாவது, நிலத்தின் விளைவைச் சர்க்காரும் குடியானவனும் பங்கிட்டுக் கொள்வது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும், நடந்ததோ வேறு. நிலத்தில் தனக்கு நிலையான உரிமை இல்லாமையால் உழுபவன் பருவத்திற் பயிரிட ஊக்கங்கொள்ளான். கதிர் தலைகாட்டியவுடன் கண்காணிகள் வயலைச் சூழ்வார்கள். கண்ணாற் காண்பவன் கண்காணி. சம்பளமில்லாத கண்ணுக்கு வயிறும் உண்டன்றோ! விளைந்தபின் மதிப்பிடுவோர் வருவர். உத்தரவின்றி அறுவடை இல்லை. அறுத்த நெல்லைக் குவித்து முத்திரையிட்டு, அதற்கும் காவல் வைப்பர். பின்னர் நெல் களஞ்சியம் புகும். புகும்போதும் குறையும், இருக்கும்போதும் குறையும். ஒருவனை ஒருவன் காக்க, எல்லோரும் கூடித் தின்ற கதையாய் அது முடிந்தது. மழைக்கு முன் உத்தரவு வாராவிடில், முற்றிய பயிர் வயலிலேயே உதிர்ந்துபோகும். அந்நட்டம் ஆண்டு முழுதும் உழைத்த குடியானவனுக்கே உரியது.

சாஸ்திரியார் இதனை அடியோடு நீக்கினார். முன்னாண்டுகளின் விளைவையும் விலையையும் கணக்கிட்டு, ரொக்கத் தீர்வை ஏற்படுத்தினார். நிலத்தை விற்கவும், தம் மக்களுக்கு வைத்துச் செல்லவும் குடிகள் உரிமை பெற்றனர். அவர் செய்த காரியங்கள் எல்லாவற்றிலும் இதுவே தலையாயது என்பது என் கருத்து. ஏனையவற்றை வேறு திவான்களும் செய்திருப்பர்.

குளங்கள் தூர்வாரப்பெற்றன, பல்லவன் குளமும் புதுக்குளமும் சீர்திருந்தின. கல்விச்சாலை வளர்ந்து கல்லூரியாயிற்று. 1884-இல் அரசருக்கு ‘ஹிஸ் ஹைனெஸ்’ என்னும் பட்டமும் 11 குண்டு மரியாதையும் கிடைத்தன. இழந்த மதிப்பை அரசர் கண்ணாரக் கண்டது அவருடைய அந்திமக் காலத்திலாயினும், கண்டுவிட்டார் என்பது ஆறுதல்.

1886-இல் இராமச்சந்திரர் காலமாக, அவர் சுவீகாரஞ் செய்த பேரர் மார்த்தாண்ட பைரவர் பட்டம் எய்தினார். அவருக்கு வயது 10. ஆகவே சாஸ்திரியாரே ராஜப்பிரதிநிதியாகி, எட்டு ஆண்டு ஆட்சியை நடத்தினார். 1888-இல் இனாம் நிலங்களைத் தீர்த்து, அவற்றிற்குச் சிறு வரி விதித்தார். தலைமுறையாய் இறையிலியாக உண்டவர்க்கு இது கசந்தது. அக்கசப்பு வீண் கசப்பென்று நாம் தள்ளிவிடலாகாது. முன்னோர் கொடுத்த கொடையை ஒரு கணக்கேடு குறைக்கும்போது யாருக்கும் நெஞ்சு நோகும். ஆனால் அமானி நிலத்து உழவன் அதுவரை பட்டதை நினைக்குமிடத்து, சுமையை அனைவரும் பகிர்ந்ததில் முறைகேடு யாதுமில்லை. இத்தனைக்கும் மேலே ஆங்கிலப் பிரதிநிதியின் கண் இருந்துகொண்டே இருந்தது என்பதையும் மறத்தலாகாது. குற்றஞ்சாட்ட இடங்கொடாத கணக்கே ஒரு சிறு சமஸ்தானத்திற்குக் கோட்டையும் படையும். அதனை அவர் நன்குணர்ந்திருந்தார்.

நவராத்திரியில் அரிசியுடன் வழங்கப்பட்ட அம்மன் காசும் அவர் காலத்திற் புதுப்பொலிவு பெற்றது. ஒரு ரூபாய்க்கு 320 கொண்ட அச்சிறு செப்புக்காசு, 1889-இல் இங்கிலாந்தில் அச்சிடப்பெற்று வந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் திருவுருவம். மறுபக்கம் ‘விஜய’ என்னும் சொல். ஆங்கில நாணயம் எங்கும் பரவிய அந்நாளிலும் அது அவ்வூர்க் கடைகளிற் செல்லுபடியாயிற்று.

1894-இல் மார்த்தாண்ட பைரவர் முழு அதிகாரம் ஏற்க, சாஸ்திரியார் பதவியினின்று நீங்கினார். 1902-இல் அரசாங்கத்தார் அவருக்குச் ‘சர்’ பட்டம் அளித்தனர். மறுவருஷம், 1903 அக்டோபரில், தமது 75-ஆம் வயதில் அவர் உலக வாழ்வை நீத்தார். அவர் சீர்திருத்திய சமஸ்தானம் அதன்பின் 45 ஆண்டு தனித்திருந்து, 1948 மார்ச்சு 3-ஆம் நாள் இந்திய யூனியனோடு இணைந்து, திருச்சி ஜில்லாவின் பகுதியாயிற்று.