டிரில் மாஸ்டரை வாத்தியார் ஆக்கிய அமெரிக்கர்

நந்தனத்தில் பஸ் ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி மைதானம் தெரியாமல் இருக்காது. அந்தக் கல்லூரியை உண்டாக்கியவர் ஹாரி குரோ பக்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாக்காரர். 1884-ல் பிறந்தவர். 1919-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது பள்ளிக்கூடங்களில் 'டிரில்' என்றால், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் அதட்டுவார். பிள்ளைகள் கையைக் காலை ஆட்டுவார்கள். அவ்வளவுதான்! விளையாட்டெல்லாம் நன்றாக ஓடும் நாலு பையன்களுக்கு. மற்றவன் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இது பக்குக்குப் பிடிக்கவில்லை. உடம்பைப் பற்றிப் படித்தவர்தான் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரவேண்டும் என்றார். 1920-ல் ஒரு சில மாணவர்களோடு கல்லூரி தொடங்கியது. வகுப்பில் எலும்பு, தசை பற்றிப் பாடம். மைதானத்தில் வியர்வை. நம்ம ஊர் ஆட்டங்களையும் அவர் ஒதுக்கவில்லை.

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய ஓட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனார். பதக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி வந்தவர் மறுபடி வாத்தியார்களைத் தயார் செய்வதில் இறங்கிவிட்டார்.

சொந்த ஊருக்குப் போய் ஓய்வெடுக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1943-ல் சென்னையிலேயே காலமானார். அதற்குள் அவரிடம் படித்தவர்கள் வெளி மாகாணப் பள்ளிகளிலும் விசிலோடு நின்றார்கள்.