கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அம்மையார்

கொங்கு நாட்டிலே காவிரியின் கரையில் மகுடேசுவரப் பெருமான் கோயில்கொண்டு விளங்கும் திருத்தலம் கொடுமுடி. தேவாரப் பாடல்பெற்ற அவ்வூரிலே 1908ஆம் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்தில் சுந்தராம்பாள் பிறந்தார். பெயருக்கு முன் நிற்கும் இரண்டு எழுத்துக்களில் ஒன்று ஊரான கொடுமுடியையும், மற்றது தாயாரான பாலாம்பாளையும் குறிக்கும். பிற்காலத்தில் எத்தனையோ பட்டங்கள் வந்தடைந்தும், பிறந்த ஊரும் பெற்ற தாயும் அவர் பெயரை விட்டு நீங்கவில்லை.

வறுமை காரணமாகச் சிறுமிப் பருவத்திலேயே புகைவண்டியிற் பாடிப் பிழைக்க நேர்ந்தது. அக்குரலின் அருமையை உணர்ந்தோர் அவரை நாடகக் கம்பெனியிற் சேர்த்துவிட்டனர். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பாட வல்லவரே அரங்கில் நிலைத்தனர். அத்தகைய குரல் அவருக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது.

அவர் வாழ்வு திரும்பியது நம் இலங்கை மண்ணிலேயாகும். 1926ஆம் ஆண்டு இங்கு நாடகம் ஆட வந்தபோது, செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா அவர்களுடன் சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு ஏற்பட்டது. கிட்டப்பாவும் குரல்வளத்தில் இணையற்றவர். இருவரும் ஒருவரையொருவர் விஞ்சப் பாடிய மேடைகளைக் காணச் சனம் திரண்டது. மேடையிற் பிறந்த அன்பு மறு ஆண்டு மணவாழ்வாக மலர்ந்தது. ஆனால் அவ்வாழ்வு இன்பம் நிறைந்ததாக அமையவில்லை. கிட்டப்பா முன்னரே மணமானவர். சாதி வேறுபாடும் குறுக்கே நின்றது. பிரிவும் மனத்தாங்கலும் இடையிடையே நேர்ந்தன. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. 1933ஆம் ஆண்டு திசெம்பர் மாதம், 27 வயதிலே, கிட்டப்பா காலமானார். அப்பொழுது சுந்தராம்பாளுக்கு வயது 25.

கணவனை இழந்த பெண்ணை மங்கல காரியங்களுக்கு ஆகாதவள் என்று ஒதுக்கிவைத்த காலம் அது. சுந்தராம்பாள் வெள்ளைக் கதராடை உடுத்து, நெற்றி நிறையத் திருநீறு அணிந்தார். இனி எந்த ஆடவருடனும் சோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். காதற் காட்சிகளாலேயே கூட்டம் சேர்க்கும் தொழிலில் இவ்வாறு விரதம் பூண்டவருக்கு அத்துடன் கலைவாழ்வு முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். நடந்தது வேறு.

1935ஆம் ஆண்டு வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் அவர் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபா. அக்காலத்தில் அது கேட்டோரை வியக்கவைத்த தொகை. படத்தை விமரிசகர் சிலர் கடுமையாகக் கண்டித்தனர். ஆயினும் பாட்டுக்குக் குறைவில்லை. 1940இல் மணிமேகலையாகத் தோன்றினார். 1953இல் வாசன் அவர்களின் ஜெமினி நிறுவனம் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு நெறிப்படுத்திய ஔவையார் வெளிவந்தது. 1964இல் பூம்புகாரிற் கவுந்தியடிகளாகவும், 1973இற் காரைக்காலம்மையாராகவும் நடித்தார். திருவிளையாடல், கந்தன் கருணை ஆகிய படங்களிலும் ஔவையாக வந்து பாடினார்.

இவ்வேடங்களைச் சேர்த்து நோக்குங்கள். தில்லைக் கூத்தனையே நினைந்துருகிய நந்தன், பிக்குணியான மணிமேகலை, முதுமையை வேண்டிப் பெற்ற ஔவை, சமணத் துறவி கவுந்தி, பேயுருக் கொண்ட காரைக்காலம்மை. விரதத்தை விட்டு அவர் வேடந் தேடிப் போகவில்லை. விரதத்துக்கு இசைந்த வேடங்களே அவரைத் தேடி வந்தன. மணவாழ்வை விரும்பாத இளம் ஔவை, பிள்ளையாரை வேண்டி மூதாட்டியின் உருவம் பெற்றாள் என்பது கதை. சுந்தராம்பாள் அதை வேண்டிப் பெறவில்லை; துயரமே கொண்டுவந்து கொடுத்தது. அதனாலேதான் அவருடைய ஔவையில் நடிப்பு எது, வாழ்வு எது என்று பிரித்தறிவது கடினமாயிருந்தது.

துறவுக்கோலம் பூண்டாரேயன்றி உலகக் கடமைகளை அவர் துறக்கவில்லை. காங்கிரஸ் இயக்கத்துக்காக மேடைதோறும் தேசியப் பாடல்களைப் பாடினார். விடுதலைக்குப் பின் சென்னை மாநில மேலவை உறுப்பினராகவும் இருந்தார். துணைவன் படத்திற் பாடியமைக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்தியத் தேசிய விருது கிடைத்தது. அப்போது வயது அறுபதைக் கடந்திருந்தது. 1970இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1980ஆம் ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார்.

இளைஞர்கள் இவ்வரலாற்றிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. கொள்கை முன்னேற்றத்துக்குத் தடை என்று பலர் கூறுவர். இவ்வம்மையாருக்கோ கொள்கையே வழியாயிற்று. பெரியோர் கருதத்தக்கதும் ஒன்றுண்டு. மங்கலமில்லாதவள் என்று சமூகம் ஒதுக்கும் கோலத்தில் நின்ற ஒரு பெண்ணின் குரலைத்தான், திருவிழா நாட்களில் நம் கோயில்களின் ஒலிபெருக்கியில் முருகன் புகழாகக் கேட்டு நாம் கைகுவித்து வந்திருக்கிறோம். ஒலிபெருக்கியிற் கேட்கும்போது குவிந்த கை, வீட்டு வாசலில் அதே கோலத்தில் நிற்கும் தாயையும் சகோதரியையும் மங்கல காரியத்துக்கு அழைக்கவும் நீளுமாயின், அதுவே அம்மையாருக்கு நாம் செய்யும் அஞ்சலியாகும்.